தன்னை ஒறுத்தலும் பிறரை ஒறுத்தலும்

திருக்கோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கின்றது. மகாவலி கங்கை கடலோடு கலக்கும் அக்குடாவின் கரையிலே உள்ளது மூதூர். அவ்வூரில் ஒரு புளியமரம் நின்ற இடத்திலே 1893ஆம் ஆண்டில் ஒரு நினைவுக்கல் நாட்டப்பெற்றது. 1660ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அவ்விடத்திலே சிறைபிடித்த ஆங்கிலக் கப்பற்றலைவனை அக்கல் நினைவூட்டுகின்றது. புயலிலே பாய்மரம் பறிகொடுத்த 'ஆன்' என்னும் கப்பலைச் செப்பனிடுவதற்கு வந்தவர் தந்தை, மகன் இருவர். இருவர்க்கும் பெயர் றொபேட் நொக்ஸ். தந்தை மறு ஆண்டே நோயால் இறந்தார். மகனோ பத்தொன்பது ஆண்டுக்கு மேற் கண்டி நாட்டிலே கைதியாகவிருந்து, 1679இலே அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பி ஓடி, 1681இலே இலங்கையைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நூலின் பெருமையைச் சரித்திர மாணவர் நன்கறிவர். இக்கட்டுரைக்கு வேண்டுவது அதிலுள்ள வேறொரு செய்தியாம்.

இளைய நொக்ஸ் பக்தியுள்ள தாயால் வளர்க்கப்பட்டவர். சிறைப்பட்ட காலத்திலே தந்தையும் மகனும் வைத்திருந்த நூல்கள் இரண்டு. இரண்டும் அக்காலத்து இங்கிலாந்திலே பியூரித்தானியர் வீடுதோறும் ஓதிய பக்தி நூல்கள். அவற்றை ஏறக்குறைய மனப்பாடமாகுமளவும் ஓதித் தம் தனிமையைப் போக்கினார் நொக்ஸ். வேதப்புத்தகம் இல்லாதது அவர்க்குப் பெருங்குறையாயிருந்தது. ஒருநாள் அவர் தம் ஏவற்சிறுவனோடு தூண்டிலிட்டுக் கொண்டிருந்தவிடத்தில் வந்த கிழவன் ஒருவன், ஆங்கிலத்தில் அச்சிட்ட வேதப்புத்தகம் ஒன்றைக் காட்ட, நொக்ஸ் தாம் அணிந்த பின்னற் குல்லாயைக் கொடுத்து அதனை வாங்கிக் கொண்டார். பிற்காலத்திலே வீடு கட்டி, மணமாகாத தோழர் சிலரோடு வாழ்ந்தபோது, அவ்வீட்டிற் பெண்டிர் வாசம் கூடாதென்று தமக்குள் ஓர் உடன்பாடு செய்து காத்தார். ஆணையிடுவார் ஒருவரும் இல்லாத அந்நிய நாட்டிலே, தமக்குத் தாமே சட்டமியற்றி அதற்குத் தாமே கீழ்ப்பட்டு நடந்த அந்த ஒழுக்கத்தை யார்தாம் மதியாதிருப்பர்?

இங்கிலாந்து திரும்பிய நொக்ஸ் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலொன்றிற்குத் தலைவரானார். 1684இலே அவர் புறப்பட்ட பயணத்தின் நோக்கம், மடகாஸ்கர்த் தீவிலே அடிமைகளை வாங்கிச் சென்ற் எலேனாத் தீவிலே சேர்ப்பது! பத்தொன்பது ஆண்டு கைதியாயிருந்து, தன் விடுதலையைத் தெய்வத்தின் அருட்செயலென்று அச்சிட்டு உலகுக்குரைத்த மனிதன், அந்நூல் வெளியாகி மூன்றாண்டு செல்லுமுன்னே இத்தொழில் செய்யப் புறப்பட்டான். அவனது பக்தி போலியன்று. அதனைப் போலியென்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் உண்மையன்று. குல்லாயைக் கொடுத்து வேதம் வாங்கிய கையே அடிமைகளையும் வாங்கிற்று. அந்த ஏவற்சிறுவனைப் பற்றி ஒரு வார்த்தை கூறுதல் தகும். அவன் பறங்கிப்பேட்டையிலிருந்து தந்தை நொக்ஸ் கொண்டுவந்த பையன். தன் எசமானன் தன்னைப்போன்ற நிறத்தவரிடம் கைதியாயிருப்பதைக் கண்டதும், இனி இவன் சொற்கேட்பதேன் என்று அவன் மறுத்து நின்றான் என நொக்ஸே எழுதுகின்றார். பியூரித்தானிய நூல்களையெல்லாம் ஓதாத அச்சிறுவனுக்கு எசமானத்துவத்தின் மெய்ப்பொருள் ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

பியூரித்தானியர் என்போரைத் தூய நெறியாளர் என்று தமிழிற் கூறலாம். அப்பெயர் முதலிலே அவர்களைப் பழிப்பதற்குப் பிறர் இட்டது. இங்கிலாந்துத் திருச்சபையிலே எஞ்சியிருந்த சடங்குகளையும் அணிகலன்களையும் நீக்கித் தூய்மைசெய்ய வேண்டுமென்று நின்றவர் அவர். நாடோறும் தம் நெஞ்சைத் தாமே நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிப்பது அவர்தம் வழக்கம். அவர்களுட் பலர் நாட்குறிப்பு எழுதியதும் அதனாலேயே. துன்புற்றிருந்த காலமெல்லாம் அவ்விசாரணை தம்மளவில் நின்றது. ஆட்சி கைக்கு வந்தபின்போ விசாரணை அயலார் வீட்டிலும் நுழைந்தது. 1642இலே நாடக அரங்குகள் மூடப்பட்டன. 1647இலே நத்தார்க் கொண்டாட்டமும் விலக்கப்பட்டது. ஒலிவர் குறொம்வெல் தம் குடும்பத்தார்க்கு எழுதிய கடிதங்களிலே தம்மைப் பாவியருட் பாவியாகத் தாழ்த்தி உருகுபவர். அவரே 1649இலே அயர்லாந்தின் துறொகெடா நகரில் நிகழ்ந்த படுகொலையைக் கடவுளின் நியாயத்தீர்ப்பென்று பாராளுமன்றத்துக்கு எழுதியவர்.

அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தின் ஆள்பதியாகிய யோன் வின்துறொப்பின் கதை இன்னும் நுட்பமானது. மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்களிற் காதலும் பக்தியும் பிரிக்கவொண்ணாவகை கலந்து கிடக்கும். மனச்சாட்சியின் சுதந்திரம் பேசிய றோசர் வில்லியம்ஸ் 1635இலே நாடுகடத்தத் தீர்ப்பளிக்கப்பட்டார். அவ்வாட்சியின் தலையாய பெருமக்களுள் ஒருவராகிய வின்துறொப்போ, இன்ன திசையிற் சென்றால் உனக்குப் புகலிடமுண்டு என்று அவர்க்கு இரகசியமாக அறிவித்தாராம். வில்லியம்ஸே பிற்காலத்தில் இதனை நன்றியோடு நினைவுகூர்ந்தார். மன்றத்திலே வன்மை, மறைவிலே மென்மை. ஆயினும் 1637இலே ஆன் அச்சின்சன் என்னும் பெண்மணி, வீட்டிலே பெண்டிரைக் கூட்டி வேதம் விளக்கினாள் என்பது முதலிய குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டபோது, நீதிபீடத்தின் நடுவே இருந்தவரும் அதே வின்துறொப்பே. அவட்கு இரகசியச் செய்தி ஏதும் போகவில்லை. நொக்ஸ் நம் கொட்டியாரத்திலே பிடிபட்ட அதே 1660ஆம் ஆண்டு யூன் மாதத்தில், மேரி டயர் என்னும் குவேக்கர் நெறிப் பெண்ணை பொஸ்ரன் நகரிலே தூக்கிலிட்டனர். தம் சமயத்தை ஒழுகவிடவில்லை என்பதற்காகவே கடல் கடந்து போனவர் அமைத்த நகரம் அது!

அந்நகரத்துச் சபைகளின் வழிவந்தோரே 1816இலே யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிசனரிமார். அவர்கள் நிறுவிய கல்விச்சாலைகளாலும் அச்சுக்கூடங்களாலும் தமிழ் அடைந்த நன்மை பெரிது. அதனைப் பலரும் எழுதியுள்ளனர். அவர்களுக்கெதிராக நின்று, அவர்களுடைய படைக்கலங்களையே எடுத்துப் போரிட்ட ஒருவரை இங்கே கருதுகின்றேன். அவரே நல்லூர் ஆறுமுக நாவலர்.

1822இலே பிறந்த நாவலர், யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிசன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்று, பின் அங்கேயே ஆசிரியராகி, பாதிரியாரது வேதப்புத்தக மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். அச்சபை பியூரித்தானிய சபையன்று. எனினும் நூலோதல், பிரசங்கம், வினாவிடை, நெஞ்சாராய்ச்சி என்னும் நான்கும் அங்கும் உண்டு. அந்நான்கையும் நாவலர் சைவத்துக்குக் கொண்டுவந்தார். 1847 டிசம்பர் 31ஆந் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே முதற் பிரசங்கம். அதன்பின் வெள்ளிதோறும் பிரசங்கம். மறு ஆண்டு பாதிரியாரது உத்தியோகத்தைத் துறந்து சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பின்னர் அச்சியந்திரம் வந்தது. பாலபாடங்களும் சைவ வினாவிடையும் பெரியபுராண வசனமும் வந்தன. பாலபாடத்தைப் பாராமற் சொல்லும் முதியோரை யான் என் இளமையிற் கண்டிருக்கிறேன். அவ்வசனத்தில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ அவர்கள் நாக்கு இசையாது.

தம்மை அவர் எவ்வளவு ஒறுத்தார் என்பதை முதலிற் சொல்லல் வேண்டும். மணஞ் செய்யவில்லை. சம்பளத்தை வேண்டாமென்று வந்தவர் பின் எவரிடமும் சம்பளத்துக்கு அமரவில்லை. சிவபூசை தவறியதில்லை. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் சிதம்பரத்துக்குமாக அலைந்து, 1864இலே சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை தாபித்து, பொருளில்லாது இடர்ப்பட்டு, பிறரிடம் இரந்து அதனை நடத்தினார். திருவாவடுதுறை ஆதீனம் 1849இலே நாவலர் என்னும் பட்டத்தை அளித்தபோது அவர்க்கு வயது இருபத்தேழும் நிறைந்ததில்லை. அப்பட்டத்தை அவர் அணிகலனாக அன்றிச் சுமையாகவே ஏந்தினார் என்று சொல்லத் தோன்றுகின்றது.

வலியோர்பால் அவர் காட்டிய கடுமையும் இவ்வொழுக்கத்தின் கிளையே. மிசனரிமார் சைவரது ஆலய வழிபாட்டையும் கிரியைகளையும் இகழ்ந்தபோது, 1854இலே 'சைவதூஷண பரிகாரம்' எழுதி, தூபம், தீபம், நைவேத்தியம், பலிபீடம், ஆலயத்தூய்மை யாவும் அவர்தம் வேதத்துப் பழைய ஏற்பாட்டிலே விதிக்கப்பட்டிருத்தலை அதிகாரமும் வசனமும் காட்டி நிறுவினார். அவ்வேதத்தைத் தமிழாக்கத் துணைநின்ற கை எழுதியதாதலின் மறுப்பது அரிதாயிற்று. தம் சமயத்தவரையும் அவர் விடவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகமவிதிப்படி அமையவில்லை என்று அதன் அதிகாரியோடு நெடுங்காலம் போராடினார். பிறந்த ஊரின் பெருங்கோயிலோடு பகைத்துக்கொள்ள எத்தனைபேர் துணிவர்? 1877இலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் பேதிநோயும் வருத்தின. அப்போது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த அவரே, குடிகள் துயரத்தை உணராதிருந்ததாகக் கருதி அரசாங்க ஏசண்டராகிய துவைனம் துரையையும் வெளிப்படையாகக் கண்டித்தெழுதினார். அக்காலத்தில் ஏசண்டர் துரையென்றால் யாழ்ப்பாணத்துக்கு அரசர் என்றே பொருள். அவ்வாண்டுக் கண்டனங்களை வாசிக்கும்பொழுது, வெள்ளிக்கிழமைப் பிரசங்கியார் ஒருவர் குடிமக்கள் தலைவராக மாறிய வரலாறு கண்முன் நிற்கும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை.

இராமலிங்க வள்ளலாரின் பாடல்கள் 1867இலே திருவருட்பா என்னும் பெயரோடு வெளிவந்தபோது எழுந்த வழக்கு, 1869இலே மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. அதனைப் பற்றி இரு கட்சியாரும் எழுதிக் குவித்தவை போதும். மெய்யடியார் இருவர் எதிரெதிரே நின்ற அக்காட்சியில் எனக்கு வருத்தமேயன்றி ஆர்வமில்லை. அவ்விருவரும் தம்மளவில் வலியோர். தம்மைத் தாமே காத்துக்கொள்ள வல்லவர். காத்துக்கொள்ள மாட்டாதாரிடத்திலே நாவலரின் கண்டிப்பு எவ்வாறு சென்றது என்பதே நம்மை உறுத்தவேண்டிய கேள்வி.

திருவிழாக்களிலே பொதுப்பெண்டிர் நடனத்தை அவர் கடிந்தார். பணம் கொடுத்து அதனை நடத்திய செல்வரையும் கடிந்தார் என்பது மெய்யே. ஆயினும் செல்வர் அடுத்த திருவிழாவுக்கு வேறொரு கேளிக்கையைத் தேடிக்கொண்டனர். பழிச்சொல் அப்பெண்டிர் மேலேயே தங்கிற்று. சாதியாசாரத்தைச் சமயாசாரத்தின் அங்கமாகவே அவர் நூல்கள் விதிக்கின்றன. அது அக்காலத்து இயல்பு என்று அமைதி கூறுவாருண்டு. அக்காலத்தின் இயல்பையெல்லாம் எதிர்த்து நின்றவர்க்கு இவ்வமைதி பொருந்துமோ? அவர் மறைந்து எண்பத்தொன்பது ஆண்டு கழித்து, 1968இலே, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்ல விடுங்கள் என்று நின்று போராட வேண்டியிருந்தது. அக்கதவை அடைத்தவர் நாவலர் அல்லர். ஆனால் அடைத்து நின்றோர் ஓதியது அவர் காத்துக்கொடுத்த ஆசாரமே.

பெரியபுராணத்தில் ஓரிடம் நம் மாணவர்க்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் என்னைத் தடுத்து நிறுத்தும். திருவாரூர்ப் பூங்கோயிலிலே, பூத்தொடுக்கும் மண்டபத்தருகே வீழ்ந்து கிடந்த பூவொன்றை எடுத்து முகர்ந்தாள் கழற்சிங்கரின் பட்டத்தரசி. இறைவனுக்குரிய பூவென்று சினந்த செருத்துணை நாயனார் அவள் மூக்கை அரிந்தார். செய்தியறிந்த அரசரோ, முதலில் எடுத்தது கையன்றோ என்று அவள் கையையும் துணித்தார். இருவரும் நாயன்மார். சேக்கிழாரின் செய்யுளை நாவலர் 1852இல் வெளியிட்ட வசனத்திலே தெளிந்த நடையில் எழுதிச் செல்கிறார். கண்ணப்பர் தம் கண்ணைத் தாமே இடந்தளித்தார்; அதனைக் கேட்டு அழுகிறோம். இங்கே அறுபட்டது நாயனாரின் உறுப்பன்று. ஒரு மாணவி, 'ஐயா, அந்த அரசி என்ன சொன்னாள்?' என்று கேட்டாள். வகுப்பிலே அன்று வேறு எவரும் பேசவில்லை. புராணத்தில் அதற்கு விடையில்லை. தன்னைக் கொடுத்தலும் பிறனைக் கொடுத்தலும் ஒரே பெயரால், பக்தி என்னும் பெயரால், வழங்கப்படுகின்றன. பியூரித்தானியர் வரலாற்றிலே நாம் கண்ட முடிச்சும் இதுதான்.

கிழக்கிலங்கையார்க்கு நாவலரோடு ஒரு தனி வழக்கும் உண்டு. அது கண்ணகி வழக்கு. ஊர்ப்புறங்களிலே கண்ணகியை அம்மனாக வைத்து வழிபடுவதை நாவலர் கடுமையாக மறுத்தார். சமண சமயத்து வணிகர் குலப் பெண்ணொருத்தியைச் சைவர் வணங்குவதோ என்பது அவர் கேள்வி. ஆகமத்தை அளவுகோலாகக் கொண்டால் அவ்வாதத்தில் பிழையில்லை. அதன் பயனாக வடக்கிலே கண்ணகி கோயில்கள் பலவும் காலப்போக்கில் இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய பெயர்களைத் தாங்கின. ஊரார் அழுது முறையிட்ட தாய்க்குப் புதிய பெயரும் புதிய மந்திரமும் வந்தன.

கிழக்கிலே அது நிகழவில்லை. மட்டக்களப்பிலும் நம் திருக்கோணமலைப் பகுதியிலும் வைகாசி பிறந்தால் இன்றும் கண்ணகை அம்மன் சடங்கு. கோயிற்கதவு திறக்கும், கட்டாடியார் பூசை செய்வார், கண்ணகி வழக்குரையை இராப்பொழுதுகளில் ஏடு விரித்துப் படிப்பார்கள், முடிவிலே அம்மன் வெம்மை தணியக் குளுர்த்தி பாடுவார்கள். மழைக்கும், அம்மை நோய் தணிவதற்கும், நெல் விளைவதற்கும் இம்மக்கள் ஆகமத்தைக் கேட்கவில்லை. நீதி கேட்டு நகரை எரித்த ஒரு பெண்ணைக் கேட்டார்கள்.

இங்கே நாவலர்பால் நியாயமாக ஒன்று கூறல் வேண்டும். சிலப்பதிகாரம் முழுவதையும் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தது 1892இலே; நாவலர் மறைந்தது 1879 டிசம்பர் 5ஆந் திகதி. அச்சிலே இளங்கோவைக் காணாதவர், தெருக்கூத்துக்களிலும் கதைப்பாட்டுக்களிலும் வழங்கிய கண்ணகியையே பெரிதும் அறிந்திருப்பார். இளங்கோவின் காப்பியத்தைச் செவ்விய பதிப்பாகக் கையிலேந்தியிருந்தால், பரிமேலழகர் உரையைப் பதிப்பித்த அந்தப் புலமை அவர் சமயக் கண்டிப்போடு எவ்வாறு போராடியிருக்குமோ! எது வென்றிருக்கும் என்று என்னாற் சொல்ல முடியவில்லை. சில நாட்களிற் புலமை என்பேன், சில நாட்களிற் கண்டிப்பு என்பேன்.

அப்போராட்டம் வேறொருவரிடத்திலே வேறுவிதமாக முடிந்தது. கண்ணகை அம்மன் கோயிலாற் பெயர்பெற்ற காரைதீவிலே 1892இற் பிறந்து, 1924இலே இராமகிருஷ்ண மடத்திற் சந்நியாசம் பெற்று, திருக்கோணமலை இந்துக் கல்லூரியிலும் அதிபராகவிருந்து பணிசெய்த விபுலாநந்த அடிகளே அவர். துறவும் ஒழுக்கமும் நாவலரிடம் இருந்ததற்குக் குறைந்தனவல்ல. காவியுடுத்த அவரும் சைவச்சூழலிற் பிறந்தவரே. ஆகமமும் சாத்திரமும் அறிந்தவரே. ஆனால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராயிருந்த நாட்களில், மாலைவேளைகளிற் சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். தம் ஊர்த்தாய் சமணத்தியோ சைவத்தியோ என்று அவர் விசாரிக்கவில்லை. அவள் காப்பியத்தின் அரங்கேற்று காதையை எடுத்து, அதிலே மாதவியின் ஆடலுக்கு இசைந்த யாழ் யாது, நரம்புகள் எத்தனை, அவற்றின் கணக்கு யாது என்று பல்லாண்டு ஆராய்ந்தார். நாவலர் கோயிலிலிருந்து விலக்க நின்ற ஆடல்மகளிர் மரபின் இசைக்கருவியை ஒரு சந்நியாசி மீட்டெடுக்க முயன்றார் என்பதை நம் சைவ மேடைகள் எடுத்துப் பேசுவதில்லை. 'யாழ்நூல்' 1947ஆம் ஆண்டு யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. உடல் மிக நலிந்திருந்தும் அடிகள் அங்கே சென்றார். அடுத்த மாதம் 19ஆந் திகதி காலமானார்.